வழியில் பார்ப்பவர்களிடம் சிரிக்கிறோமே, அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்?

எங்கள் வெள்ளகோவில் பக்கம் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரித்தால், "உங்களைப் பார்த்துட்டேனுங்க" என்று அர்த்தம். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை. சிரிக்காமல் போய்விட்டால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிடும்: "உங்க பையன் மூஞ்சியத் திருப்பிட்டுப் போறானுங்க, என்னங்க கோபம்?"

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி இல்லை. என் தங்கை பஸ்ஸில் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆண்கள் இருக்கும்வரை அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சிரிப்பின் அருமை எனக்குத் தெரிந்தது பங்காளிச் சண்டையில்தான். கிணற்றுப் பங்கில் தகராறு வந்து, பெரியப்பா வீட்டோடு ஒன்பது வருஷம் பேச்சில்லை. கல்யாண வீட்டில் எதிர்ப்பந்தியில் அவர் உட்கார்ந்தால், அப்பா இலையை விட்டுத் தலை தூக்கமாட்டார்.

அப்புறம் ஒரு சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போயிருந்தேன். அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. மேலே இரண்டு முகமும் கல்லு மாதிரி இருக்கும். சிரித்தால் மனசிலிருக்கும் விலை வெளியே வந்துவிடும். அப்பா ஒரு மயிலைக் காளைக்குக் கை கொடுத்திருந்தார். நிமிர்ந்தபோது, மாட்டுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்று சுழி பார்த்துக்கொண்டிருந்தார், மாட்டின் ராசியைச் சொல்லும் என்று நம்புகிற மயிர்ச்சுழியை. முதலில் அவர் கண்ணோரம் சுருங்கியது. வாய் அதற்கப்புறம்தான் விரிந்தது.

"சுழி சுத்தமா இருக்குது. புடிச்சுக்க."

துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதை எழுதியிருக்கிறார். கன்னத்துத் தசையை நாம் நினைத்தால் இழுத்துவிடலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனசு மகிழ்ந்தால்தான் அசையும் என்றார். சிலர் கண்ணையும் வேண்டுமென்றே சுருக்குவார்கள் என்று பின்னால் வந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் இதை வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்த சிரிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் காளை என்ன விலை என்று அம்மா கேட்டார். அப்பா விலையைச் சொல்லவில்லை.

"அண்ணன் என்னயப் பாத்துச் சிரிச்சுது" என்றார்.