வாசகர் கேள்வி - பதில்: ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது வினை

(பதில் சொல்பவர், 26 ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். 2012 முதல் தாமே ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடம்பு வலி நோயோடு இருப்பவர்.)

எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலி. காலையில் எழும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். போன மாதம் ஒரு வாதநோய் மருத்துவர் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, இரவுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, "நடங்க" என்றார். அரை மணி நடந்தால் மறுநாள் எழ முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெம்பாக இருந்தால் வாரத்து வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன்; திங்கள், செவ்வாய் லீவு. "ரிப்போர்ட்லதான் ஒண்ணும் இல்லையே" என்கிறார் மாமியார். இது உண்மையான நோய்தானா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

உண்மையான நோய்தான். தெருவில் நிற்கும் காரைப் பார்த்திருப்பீர்கள், பூனை உரசினாலே அலாரம் கத்தும். திருடன் இல்லை. ஆனால் சத்தம் பொய்யில்லை, தெருவே தூக்கம் கெட்டு எழுந்து நிற்கிறது. இந்த நோயில் மூட்டு தேய்வதில்லை, தசை கெடுவதில்லை. வலியை உணரும் நரம்பு மண்டலம் சின்ன உரசலுக்கும் கத்தப் பழகிவிடுகிறது. எக்ஸ்ரே திருடனைத் தேடுகிற கருவி, அதில் அலாரம் எப்படித் தெரியும்? மாமியாரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், வாயில் நுழையாது. இந்தக் காரைச் சொல்லிப் பாருங்கள்.

1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் ஒரு முறை வகுத்தார்கள். உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால் இந்த நோய். 2010இல் அவர்களே அதை மாற்றினார்கள். எங்கெங்கே வலி, தூங்கி எழுந்தால் தெளிவாக இருக்கிறதா, களைப்பு எவ்வளவு, மறதி உண்டா என்று கேட்டே இப்போது முடிவுக்கு வரலாம். அதனால், மருத்துவர் கேள்வி கேட்டே கண்டுபிடித்தார் என்றால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். நானும் அப்படிப்பட்டவள். எத்தனையோ பேரிடம் "சோம்பல்படாமல் பயிற்சி செய்யுங்கம்மா" என்று அதட்டியவள். எனக்கே வந்தபிறகு அந்த "சோம்பலை" நினைத்துக் கூசினேன். காரைக்குடியில் அக்கா மகள் கல்யாணம். அன்றைக்கு உடம்பு லேசாக இருந்தது, விடுவேனா? இரண்டு நாளும் பந்தியில் நின்றேன், சீர்த் தட்டு அடுக்கினேன், விடிகிற வரைக்கும் பாத்திரக் கணக்குப் பார்த்தேன். அப்புறம் ஒன்பது நாள் படுக்கை. தலையணை உறை உரசினால்கூடக் கன்னம் வலித்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் அன்றைக்கு என்ன வேலை, எத்தனை நிமிடம். வலப்பக்கம் மறுநாள் உடம்பு எப்படி. இரண்டு வாரத்தில் சங்கதி விளங்கிவிட்டது. நின்றுகொண்டு காய் நறுக்கினால் 20 நிமிடம் வரை மறுநாள் பாதகமில்லை, 35 நிமிடம் போனால் தோள்பட்டை பழிவாங்குகிறது. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் சூழ்ச்சி. அதனால் 15 நிமிடத்துக்குப் போனில் மணி வைத்தேன். மணி அடித்தால் பாதிக் கீரையை முறத்தில் விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் எழுவதுதான் கஷ்டம், அன்றைக்குத்தான் கட்டாயம் எழ வேண்டும். வலி வந்து நிறுத்தினால் அது தாமதம்.

நடையும் அப்படியே. மருத்துவர் "நடங்க" என்றது தப்பில்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு இந்த நோய்க்கு வெளியிட்ட பரிந்துரைகளில், "உறுதியாகச் செய்யலாம்" என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. மாத்திரைகளுக்குக்கூட அந்த அழுத்தம் கொடுக்கவில்லை. எவ்வளவில் தொடங்குவது என்பதில்தான் எல்லோரும் கவிழ்கிறோம். நான் மொட்டை மாடியில் நான்கு நிமிடத்தில் தொடங்கினேன். பக்கத்து மாடியில் வடகம் காயப்போடும் அம்மா, "என்ன, அதுக்குள்ள இறங்கிட்டீங்க?" என்பார். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினேன். நடுவில் ஒரு காய்ச்சலில் பழைய இடத்துக்கே திரும்பி, 20 நிமிடத்தைத் தொட ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. நீங்கள் அரை மணியை விடுங்கள். ஐந்து நிமிடம், தினமும்.

பள்ளியில் உட்கார்ந்து பாடம் நடத்த நாற்காலி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விடைத்தாளை ஒரே மூச்சில் 40 திருத்தாமல் பத்துப் பத்தாகத் திருத்துங்கள். ஈரப் போர்வையைப் பிழிவது, மாவுப் பாத்திரத்தைத் தூக்குவது இரண்டையும் வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். வாசலில் சின்னக் கோலம் போதும். மார்கழியில் கை துறுதுறுக்கும், எனக்கும்தான்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1970களில் கனடாவின் டொரான்டோவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவரின் குழு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களைப் படுக்க வைத்து, ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் கொடுத்துக் கலைத்தது. சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலி வந்துவிட்டது. வலியால் தூக்கம் போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். தூக்கம் போனாலும் வலி வரும். எந்த நேரத்துக்குப் படுத்தாலும் எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். பலத்த குறட்டை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இரவு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவை வீக்கத்துக்கானவை. இந்த நோயில் வீக்கம் இல்லாததால் பலனும் பெரிதாக இல்லை, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். வலி கூடுகிற நாளில் வெந்நீர்க் குளியலும் ஒத்தடமும் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

வயது 27. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கொரோனா வந்துபோன பிறகு ஒரு வருடமாகத் தீராத களைப்பு. அண்ணன் ஜிம்மில் சேர்த்துவிட்டார். போய் வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை, கணக்குக்கூடக் குழம்புகிறது. விடாமல் போனால் பழகிவிடுமா?
- திருப்பூர் வாசகர்

பழகாது. ஜிம்மை இன்றைக்கே நிறுத்துங்கள், தம்பி. மேலே ஆசிரியைக்கு நான் சொன்ன, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிய கதை உங்களுக்கு இல்லை.

சின்ன உழைப்புக்கும் மறுநாளோ அதற்கு மறுநாளோ மொத்தமாகச் சரிந்து விழுவது நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது சிலருக்கு வருகிறது. இவர்களுக்கும் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டு என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் அந்த அறிவுரையைத் தன் வழிகாட்டுதலிலிருந்தே நீக்கியது. இருக்கிற தெம்புக்குள் நாளை நகர்த்துங்கள், எல்லையைத் தாண்டாதீர்கள் என்பதே இப்போதைய நிலை.

உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. இதயம், நுரையீரல், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பொதுநல மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, படபடக்கிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை குளிக்கும்போது ஸ்டூலில் உட்காருங்கள், மாடிப்படியைக் குறையுங்கள். அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

உடம்பு வலிக்குக் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
- கும்பகோணம் வாசகி

இவற்றை நிறுத்தினால் ஃபைப்ரோமயால்ஜியா தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நான் ஒரு வருடம் கத்தரிக்காயைத் துறந்தேன். வலி இருந்தது, கத்தரிக்காய் மட்டும் இல்லை. சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மனைவிக்கு ஃபைப்ரோமயால்ஜியா. தினமும் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன், எரிந்து விழுகிறாள். நான் என்னதான் செய்வது?
- விருதுநகர் வாசகர்

அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருப்பது ஒரே பதில், "வலிக்குது". அதைத் தினமும் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரரும் இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டார். ஒருநாள் ஒன்றும் கேட்காமல் தேங்காயையும் துருவியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டோடு சேர்த்துத் துருவி, சட்னி நறநற என்றிருந்தது. அன்றைக்கு நான் எரிந்து விழவில்லை.