மழை பெய்தால் மின்சாரம் போகிறது: தோட்ட விளக்கில் என்ன கோளாறு?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் மூலை வீட்டுத் தோட்டத்தில், தீபாவளிக்கு முன்பு எட்டு விளக்குகள் பதித்தோம். தெரிந்தவர் ஒருவர் வாசல் பிளக்கிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். அதிலிருந்து கனமழை பெய்யும்போதெல்லாம் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுந்து, குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாம் நின்றுவிடுகின்றன. விளக்குகளை அணைத்திருக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இப்படி நடக்கிறது. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியை எடுத்துவிட்டு 100 மில்லியாம்பியரில் போட்டால் தொல்லை தீரும் என்கிறார் அவர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஆர்சிசிபி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால், 0.3 வினாடிக்குள் அது இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். அந்த வித்தியாசம் ஈர மண்ணில் இறங்கியதா, துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்ற வெறுங்காலோடு வந்தவரின் உடலில் இறங்கியதா என்பது கருவிக்குத் தெரியாது. 100 மில்லியாம்பியர் கருவியைப் பொருத்தினால், இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமான மின்சாரம் ஒருவர் உடலில் பாயும்போதும் அது அசையாமல் இருக்கக்கூடும். நம் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30 மில்லியாம்பியர் என்றும், தரை நனையக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் என்றும் வரம்பு வைத்திருக்கின்றன. கோலாலம்பூர் மழையில் தோட்டத்தைவிட ஈரமான தரை வேறெது?

விளக்கு அணைந்திருக்கும்போதும் ஆர்சிசிபி விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். சாதாரணச் சுவிட்ச் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் வயர் தோட்டம் வரை இணைந்தபடியே இருக்கிறது. மண்ணுக்குள் ஓர் இணைப்பில் தண்ணீர் புகுந்து நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டால், உங்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து திரும்பிவரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தின் வழியாக எர்த்துக்குப் போய்விடும். கணக்கு உதைக்கும், ஆர்சிசிபி விழும். ஆகவே கோளாறு விளக்குகளில் இருப்பதைவிட, அவற்றுக்கு இடையே வயரை ஒட்டுப்போட்ட இடங்களில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கறுப்பு டேப்பைச் சுற்றிப் புதைத்த இணைப்புகளை நான் நிறையவே பிரித்துப் பார்த்திருக்கிறேன்: டேப்பின் பசை கரைந்து சேறாகியிருக்கும், செம்பு பச்சை பூத்திருக்கும், உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வயர்மேன் 500 வோல்ட் மெக்கர் கொண்டு, லைவையும் நியூட்ரலையும் கழற்றி, எர்த்துக்கு எதிரான காப்புத் தடையை, அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, அளப்பார். அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஆனால் வெயில் கொளுத்தும் பகலில் வந்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். மழை ஓய்ந்த கையோடு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்த பிறகு, அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு தோட்டத்தை ரப்பர் குழாயால் நன்றாக நனைத்து வையுங்கள். ஒவ்வொரு விளக்காகப் பிரித்து அளந்துகொண்டே போனால் பழுதுள்ள துண்டு தானாகப் பிடிபடும்.

பழுதைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், வாசல் பிளக்கிலிருந்து தோட்டத்தைப் பிரித்துவிடுவது நல்லது. டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) தனிச் சர்க்கியூட், அதற்கென்று, தண்ணீர் ஹீட்டருக்குப் பொருத்துவதுபோல, 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் இரட்டைத் துருவச் சுவிட்ச் ஆகியவை இருந்தால், தோட்டத்தில் எது நடந்தாலும் சமையலறை இருளாது. 230 வோல்ட் விளக்குகளையே வைத்துக்கொள்வதானால், கவச கேபிளை ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் பதித்து, மேலே எச்சரிக்கை நாடா விரிக்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவருக்கு அது தெரிய வேண்டும் அல்லவா!

என்னைக் கேட்டால், செலவானாலும் 24 வோல்ட் விளக்குகளுக்கு மாறிவிடுவேன். பாதுகாப்பு வகை டிரான்ஸ்ஃபார்மரை மழை படாத போர்ச்சுக்குள் பொருத்தினால், தோட்ட மண்ணுக்குள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தமே போகாது. கடைகளில் 12 வோல்ட்தான் அதிகம் கிடைக்கிறது; ஆனால் தலா 7 வாட் வீதம் எட்டு விளக்குகளையும் 20 மீட்டர் தொலைவில், 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் கடைசியில் வைப்பதாகக் கொண்டால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோய் வெளிச்சம் மங்கும். 24 வோல்ட்டில் அந்த இழப்பு 0.7 வோல்ட்தான், அதாவது மூன்று விழுக்காடு. தரையில் பதிக்கும் விளக்கு தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் ஐபி67 (தூசும் நீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் தரக் குறியீடு) ஆகவும், சுவரில் மாட்டுவது ஐபி65 ஆகவும் இருக்கட்டும். ஜெல் நிரப்பிய இணைப்பிகளைத் தவிர வேறெதையும் மண்ணுக்குள் விடாதீர்கள்.

வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுங்கள். முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுச் சான்றிதழான போராங் (படிவம்) ஜி, சோதனைச் சான்றிதழான போராங் எச் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை தோட்டத்துக்குப் போகும் பிளக்கை, சுவிட்சை அணைப்பதோடு விடாமல், முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள். அப்போது நியூட்ரலும் சேர்ந்து பிரிந்துவிடும். அடுத்த கனமழையில் ஆர்சிசிபி விழாவிட்டால் கோளாறு தோட்டத்தில்தான் என்பது உறுதி. அப்போதும் விழுந்தால் மழை படும் மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும். ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வாசல் கதவு) மோட்டார் பெட்டியை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.