தேறுமா என்று பார்க்க ஒரு குழல்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகரில் ஒரு டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 29. பள்ளிக்கூட நாளிலிருந்தே புல்லாங்குழல் மேல் ஆசை. வீட்டுக்குக் கொடுத்ததுபோக ஐந்து மாதத்தில் 1,500 ரூபாய் சேர்த்திருக்கிறேன். இணையத்தில் கருங்காலி மரத்தில் கடைந்த குழல் ஒன்று 4,200 ரூபாய்க்குப் பார்த்தேன். சிலப்பதிகார உரையிலேயே கருங்காலிக் குழல் சொல்லப்பட்டிருக்கிறது, மரத்தின் நாதம் மூங்கிலில் வராது என்று விற்பவர் போட்டிருந்தார். அதற்காக இன்னும் சில மாதம் காத்திருக்கலாமா? இல்லை, பங்குனிப் பொங்கலில் விற்கும் நூறு ரூபாய்க் குழலை வாங்கி, எனக்குத் தேறுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் நல்லதாக வாங்கலாமா? என் போன்றவனுக்கு எடுத்த எடுப்பிலேயே நல்ல குழல் எதற்கு என்றும் தோன்றுகிறது. இந்த வயதில் வருமா? யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டிருப்பது பல கேள்விகள். நான் உடனே பதில் எழுத உட்கார்ந்தது ஒரு சொல்லுக்காக. ‘தேறுமா.’ அதற்கு வருகிறேன். முதலில் கருங்காலியை முடித்துவிடலாம்.

விற்பவர் சொன்னது பாதிதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலாசிரியன் வரும் இடத்துக்கு உரை எழுதும் அடியார்க்குநல்லார், குழல் செய்யும் பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்தைச் சொல்கிறார். தம் காலத்தில் கருங்காலியைப் பெரிதும் வேண்டினார்கள் என்பதையும் குறிக்கிறார். ஆனால் தரம் பிரிக்கும்போது மூங்கிலில் செய்வது உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம் என்கிறார். அந்த வரியை விற்பவர் விட்டுவிட்டார். வடக்கே பன்னாலால் கோஷ் (1911–1960) தம்முடைய 32 அங்குல நீளக் குழலுக்கு வந்து சேருமுன் உலோகம், மரம் என்று பலதையும் சோதித்துப் பார்த்தவர். கடைசியில் அவர் கையில் நின்றது மூங்கில். நம் பக்கம் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904), கண்பார்வை இல்லாதவர், குழலைத் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக்கினார். அவருக்குப் பின் பல்லடம் சஞ்சீவ ராவ், மாலி, ரமணி. எல்லோர் கையிலும் மூங்கில்தான்.

நாதம் மரத்திலிருந்து வருகிறது என்பதும் சரியில்லை. அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்று. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1971-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரே உள்ளளவில் வெள்ளி, செம்பு, மரம் என்று மூன்று குழல்கள் செய்து, கண்ணில் படாமல் வாசிக்க வைத்தார். கேட்டவர்களில் தேர்ந்த இசைக்காரர்களும் இருந்தார்கள். எது எந்தக் குழல் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்துளையின் அளவும், வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையின் விளிம்பும், விரல் துளைகள் விழுந்த இடமும்தான் குழல். ஒழுங்காக அளந்து துளையிட்ட பிளாஸ்டிக் குழாயில்கூடச் சுத்தமாக சரளி வரிசை என்ற முதல் பாடத்தைப் பழகலாம். வாத்தியத்துக்கு மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆக, கருங்காலிக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி அந்தச் சொல்.

எனக்குப் பதினொரு வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் குழல்காரர் ஒருவர் வந்தார். நீளமான கம்பின் நுனியில் வைக்கோல் பிரி சுற்றி, அதில் சுற்றிலும் குழல்களைச் செருகியிருந்தார். கூட்டத்துக்கு மேலே அந்தக் கம்பு மட்டும் நகர்ந்து வருவது தெரியும். ஒரு குழலை உருவி ஒரு சினிமாப் பாட்டை வாசித்தார். ராட்டினத்துக்கு வைத்திருந்த மூன்று ரூபாயை அவரிடம் கொடுத்துவிட்டேன். வாசித்த அதே குழலைத்தான் என் கையில் கொடுத்தார். வேறொன்றை மாற்றித் தரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் ஊதினேன். அப்பா தறி நெய்பவர். பகலில் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ராத்திரி தறி நின்றபின் மொட்டை மாடிக்குப் போவேன். ஸ வரும், ரி ஒருமாதிரி வரும், க வரும்போது எதுவோ கோணும். அக்கா பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாள், நான் ஊதுவேன், அதே இடத்தில் இரண்டும் பிரியும். “மறுபடி ஊதுடா” என்பாள். எத்தனை மறுபடி! கடைசியில் அவளே, என் மேல் உயிரை வைத்திருந்தவள், “உனக்குக் காது இல்லடா தம்பி, விட்டுடு” என்றாள். விட்டுவிட்டேன்.

அதற்குப்பின் எனக்குச் சங்கீதம் வராது என்பது என் பெயர், ஊர், பிறந்த தேதி போல ஒரு விவரமாகிவிட்டது. பள்ளிப் பிரார்த்தனையில் வாயை மட்டும் அசைப்பேன். கல்யாண வீட்டில் பாடச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். என் மகளைத் தொட்டிலில் ஆட்டியபோதுகூட ஒரு வரி பாடியதில்லை. பாடினால் குழந்தைக்கும் காது கெட்டுவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு நண்பருக்குத் துணையாகக் குழல் செய்பவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையை ஒட்டிய சிறிய அறை. மூலையில் மூங்கில்கள் சாத்தியிருந்தன. கணுவுக்குக் கணு நீளமாக இருக்கும் மூங்கில் அஸ்ஸாமிலிருந்து வருகிறது என்றார். சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுப்புக்கரியில் பழுத்துக் கிடந்த கம்பியை எடுத்து அந்தக் குறியில் வைத்து அழுத்தினார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், சர்க்கரை கருகுவது போன்ற வாசனை, மெல்லிய புகை. கம்பியை உருவித் துளையை ஊதிக் கரியைத் தட்டினார். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் கையிலிருக்கும் குழல் ‘செந்தீத் தோட்ட கருந்துளைக் குழல்’. நெருப்பு தோண்டிய கறுத்த துளை. அந்தத் துளை என் கண்முன்னால் விழுந்துகொண்டிருந்தது.

அதன்பின் நடந்ததுதான் வேலை. ஒவ்வொரு துளைக்கும் உதட்டில் வைத்து ஊதுவார், சுருதிப்பெட்டியைக் கேட்பார், குறைந்திருந்தால் சின்ன அரத்தால் துளையின் ஓரத்தை இரண்டு இழுப்பு இழுப்பார். துளை பெரிதாகப் பெரிதாக ஸ்வரம் ஏறும். ஏறிவிட்டால் இறக்குவது லேசில்லை, மெழுகு வைத்து ஒப்பேற்ற வேண்டும். அன்று ஒரு குழலில் அரம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. ஊதிப் பார்த்தார். மறுபடி ஊதினார். ஒன்றும் பேசாமல் முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து அடுப்புப் பக்கம் போட்டார். பார்க்க அழகான குழல். ஏன் என்று கேட்டேன். “இருந்தா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான் சார். அப்புறம் அவனுக்கு வரலைன்னு நினைச்சுக்குவான்.”

அடுத்த வாரமே, அக்கா வீட்டுப் பரணில் கிடந்த அந்த மூன்று ரூபாய்க் குழலை எடுத்துக்கொண்டு அவரிடம் மறுபடி போனேன். வாங்கித் துடைத்து ஊதினார். மூன்று ஸ்வரம்தான் ஊதியிருப்பார். “இதுல காந்தாரமே இல்லியே சார். இதை வச்சா ரெண்டு வருஷம்?” என்றார். காந்தாரம் என்றால் எனக்குக் கோணிய அந்த க. பிறகு அதே குழலில் ஒரு பாட்டு வாசித்தார், சுத்தமாக வந்தது! எனக்குப் புரியவில்லை. குழலை உதட்டோடு உள்ளே உருட்டிக் காட்டினார், ஸ்வரம் இறங்கியது. வெளியே உருட்டினார், ஏறியது. கை தேர்ந்தவன் குழலின் கோணலை உதட்டிலேயே நிமிர்த்திக்கொள்வான். திருவிழாவில் அந்த மனிதர் செய்தது அதைத்தான். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய உதடு என்னிடம் இல்லை, அவ்வளவுதான். என் காது இரண்டு வருடமும் சரியாகவே கேட்டிருக்கிறது. கோணல் என்று சரியாகச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான், அக்காவும் நானும், காதைக் குற்றவாளியாக்கிவிட்டோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. நூறு ரூபாய்க் குழலை வாங்கி ‘தேறுமா என்று பார்க்கிறேன்’ என்கிறீர்களே, எதைப் பார்க்கப் போகிறீர்கள்? மரை தேய்ந்த போல்ட்டைப் புதிதாக வந்த பையனிடம் கொடுத்து, முறுக்கத் தெரிகிறதா என்று சோதித்து, இவனுக்கு ஸ்பேனர் பிடிக்க வராது என்று முடிவு கட்டுவீர்களா? உங்கள் முதலாளி அப்படிச் செய்தால் சும்மா இருப்பீர்களா? உங்களுக்கு நீங்களே அதைச் செய்யலாமா? கற்றவன் மோசமான குழலில்கூட வாசித்துவிடுவான். கற்காதவனுக்குத்தான் நல்ல குழல் வேண்டும். நாம் இதைத் தலைகீழாகவே பழகி வைத்திருக்கிறோம். முதலில் மட்டமானது, தகுதியை நிரூபித்தபின் நல்லது!

‘என் போன்றவனுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படி எழுத வேண்டாம், எனக்குக் கோபம் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளே ஆசிரியர் சுருதி பார்த்துத் தேர்ந்தெடுத்த குழல் கைக்கு வரும். அவன் தப்பாக ஊதினால் அன்றைக்கு அது ஒரு தப்பு, நாளைக்குத் திருந்திவிடும். நம் பிள்ளை சரியாக ஊதினாலும் தப்பாகவே கேட்கும், அவன் அதைத் தன் பிறவிக் குறையாக எடுத்துக்கொள்வான். எத்தனை பேர் இப்படி ஒதுங்கிப் போனார்களோ. விலை மலிவாக இருப்பது குற்றமே இல்லை. சுருதி சேராத ஒன்றை, சிறு பிள்ளைக்கு, ஏழைக்கு இது போதும் என்று கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் 1,500 ரூபாய் போதும். ஆயிரத்தை ஒட்டியே பழகுவதற்கு நல்ல மூங்கில் குழல் கிடைக்கும். கர்நாடக சங்கீதத்துக்கு வாய்த்துளை நீங்கலாக எட்டுத் துளை உள்ள குழல் என்று கேட்டு வாங்குங்கள். திருவிழாவில் கிடைப்பவை பெரும்பாலும் ஆறு துளை, வடக்கத்திப் பழக்கம். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஐந்து கட்டை கேளுங்கள், மேற்கத்தியக் கணக்கில் ஜி. ஒரு கட்டைச் சுருதிக்கான நீளக் குழலில் இப்போது விரல் எட்டாமல் மணிக்கட்டுதான் வலிக்கும். கூடுமானால் செய்பவரிடமே போங்கள். பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். போனில் தம்புரா செயலியை ஐந்து கட்டையில் ஓட விட்டு, ஸ முதல் மேல் ஸ வரை ஒவ்வொன்றையும் உதட்டை அசைக்காமல் நீளமாக ஊதச் சொல்லுங்கள். காந்தாரத்தில் காதை வையுங்கள். உங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால், உங்கள் மாவட்டத்தில் அரசு இசைப்பள்ளி இருந்தால், அங்கிருக்கும் வயலின் ஆசிரியரிடம் காட்டுங்கள். குழல் வாசிக்காதவராக இருந்தாலும் பிசகு அவர் காதுக்குத் தப்பாது. கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள், மூங்கில் வெடித்துவிடும். அவ்வப்போது உள்ளே லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

வயதைப் பற்றி நாற்பத்திரண்டில் தொடங்கியவனிடம் கேட்கிறீர்கள். யூடியூப் விஷயம் இன்னொரு நாள்.

முதல் வாரம் வெறும் காற்றுத்தான் வரும். தலை சுற்றும், அது மூச்சு அதிகமாகப் போவதால். உட்கார்ந்து ஊதுங்கள், நடுநடுவே நிறுத்துங்கள். ஒரு நாள் திடீரென்று சத்தம் பிடிக்கும், மறுநாள் காணாமல் போகும், திரும்பவும் வரும். மேலிருந்து இரண்டு துளையை மூடினால் ஸ. அது ஒரு மூச்சு முழுக்க நடுங்காமல் நிற்கிற அன்றைக்கு, போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். பாட்டு வேண்டாம், அந்த ஸ மட்டும்.

அன்புடன்.