ஜன்னல் இல்லாத அறை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஏலக்காய் வியாபாரம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 26. கம்பத்தில் எங்கள் கடை. அப்பா போடி, புத்தடியில் ஏலக்காயை ஏலம் விடும் மையங்களோடு நிறுத்திக்கொண்டவர். வடக்கே சரக்கு வாங்குகிறவர்களை நேரில் பார்க்கும் வேலை இந்த வருஷத்திலிருந்து என் தலையில் விழுந்திருக்கிறது. டெல்லி, மும்பை, கல்கத்தா போய்வந்துவிட்டேன். டெல்லியில் ஆப் வழியாக அறை போட்டிருந்தேன். காலை ஆறரைக்கு ரயிலை விட்டு இறங்கிப் போனால், மதியம் 2 மணிக்குத்தான் அறை என்றார்கள். அரை நாள் வாடகை தனியாகக் கட்டிய பிறகு கிடைத்தது ஜன்னலே இல்லாத அறை. சாப்பிட்ட ஓட்டலில் பில்லோடு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள். கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து எல்லா பில்லும் வாங்கி வந்தேன். ஆடிட்டரோ ஒரு பைசாகூட இன்புட் (கட்டிய ஜிஎஸ்டியை நம் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்கிறார். கல்கத்தாவில் வயிறு கெட்டு ஒரு நாள் வீண். தீபாவளிக்கு முன்னால் மறுபடி போகவேண்டும். எப்படித் தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்வீர்களா?

வாசகர், கம்பம்

*

அன்புள்ள தம்பி,

அரை நாள் வாடகையையும் சர்வீஸ் சார்ஜையும் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் இல்லாத அறையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

2019 பிப்ரவரி 12 அதிகாலையில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஓட்டல் எரிந்து 17 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று கல்கத்தா படாபஜார் பகுதியில் இன்னொரு ஓட்டல் எரிந்து 14 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. டெல்லி சாந்தினி சௌக்கை ஒட்டிய மசாலாச் சந்தையான காரி பாவோலிக்குப் போகிற நம் ஆட்கள் தங்குவது கரோல் பாக்கில். கல்கத்தாவில் சரக்கு விற்கப் போகிறவர்கள் தங்குவது படாபஜாரில். நம்மைப் போன்ற வியாபாரிகள் கொடுக்கிற வாடகையில்தான் இந்த மாதிரிக் கட்டடங்கள் ஓடுகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறுகலான மனையில் ஐந்தாறு மாடி எழுப்பியிருப்பார்கள். லிப்டைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு படிக்கட்டு ஏறும். கீழே சமையலறையிலோ மின்சாரப் பலகையிலோ தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டு முழுக்கப் புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். நடைபாதையின் இரண்டு பக்கமும் அழகுக்காக மரப்பலகை அடித்திருந்தால் தீ அதைப் பிடித்துக்கொண்டே ஓடும். அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி தெருவைப் பார்த்த ஜன்னல். காற்று வாங்கவும், கீழே நிற்பவர்களைக் கூப்பிடவும், தீயணைப்பு ஏணி வந்து சேரவும் அது வேண்டும். அதையும் ஏசி பெட்டிக்காக அடைத்து, கம்பியும் போட்டிருந்தால் அது ஜன்னல் கணக்கில் சேராது.

ஆகவே சாவியை வாங்குவதற்கு முன் அறையைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். ஜன்னல் கையால் திறக்கிறதா, திறந்தால் தெரு தெரிகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடச் சுவரோ, நான்கு பக்கமும் அடைத்த காற்றுக்கூண்டோதான் இருக்கும். அந்தக் கூண்டில் புகைதான் முதலில் நிறையும். முதல் மாடி முதல் மூன்றாம் மாடிக்குள் கேட்டு வாங்குங்கள். அறையைப் பார்த்துவிட்டு லிப்டில் இறங்காமல் படிக்கட்டில் இறங்குங்கள். படியில் துணிமூட்டை, காஸ் சிலிண்டர், உடைந்த கட்டில் கிடக்கிறதா, கீழே இறங்கும் கதவு பூட்டியிருக்கிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது படிக்கட்டு இருந்தால் உங்கள் கதவிலிருந்து அதுவரை இடையில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டுதான் போகமுடியும்.

இரவில் சாவியும் போனும் தலைமாட்டில் இருக்கட்டும். புகை நாற்றம் வந்தால் கதவை உடனே திறக்காதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்கவே கூடாது. ஏசியை அணைத்து, துண்டை நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் அடைத்து, ஜன்னலுக்குப் போய் 112க்கு அழைத்து ஓட்டல் பெயர், மாடி, அறை எண் மூன்றையும் சொல்லுங்கள். கதவு குளிர்ச்சியாக இருந்தால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து, படிக்கட்டுக்குப் போகவேண்டும். லிப்ட் பக்கமே போகக்கூடாது.

இப்படிப் பார்த்து எடுத்த அறை, ஆப்பில் காட்டும் படத்தில் இருப்பதைவிடப் பழசாக இருக்கலாம். பரவாயில்லை.

அடுத்தது அந்த 2 மணி. நம் ஊர்ப்பக்க லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு, நீங்கள் நுழையும் நேரத்திலிருந்து நாள் ஓடும். பெருநகரில், அதுவும் ஆப் வழியாகப் போட்டால், மதியம் 12 அல்லது 2 மணிக்கு அறை, மறுநாள் 11 அல்லது 12க்குக் காலி செய்யவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லியில் காலை ஆறரை வாக்கில் கொண்டுபோய் விடும். அதில் போகிறவர்களுக்கு இந்தச் சண்டை எப்போதும் வரும். ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஸ்டேஷன் ஓய்வறையை முன்கூட்டியே போடலாம். கிடைக்கவில்லை என்றால் புதுடெல்லி ஸ்டேஷனிலேயே ஐஆர்சிடிசி நடத்தும் கட்டண ஓய்விடம் இருக்கிறது, குளித்து உடை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பையை ஓட்டல் ரிசப்ஷனில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். பையை மட்டும் வைத்துக்கொள்ள அநேகமாக எந்த ஓட்டலும் மறுக்காது.

ஆப்பில் போட்டதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஓட்டலின் சொந்த எண்ணைத் தேடி நேரடியாகப் பேசுங்கள். புக்கிங் உங்களுக்கு வந்து சேர்ந்ததா, காலை ஏழு மணிக்கு வந்தால் கூடுதலாக எவ்வளவு, தெருப்பக்க ஜன்னல் அறை உண்டா, கடை பெயரில் பில் தருவீர்களா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போய்க் கட்டுகிறேன் என்று போட்ட அறையைக் கூட்டம் அதிகமான நாளில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது நடக்கும். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரின் நகலைக் கொடுங்கள். பான் கார்டில் முகவரி கிடையாது, அதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். தேதியையும் கவனியுங்கள். நவம்பர் 14 முதல் 27 வரை டெல்லி பிரகதி மைதானத்தில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும், வாடகை ஏறிவிடும். துர்கா பூஜை நாட்களில் கல்கத்தாவுக்குப் போகவே போகாதீர்கள். அறையும் கிடைக்காது, கடையும் திறந்திருக்காது.

எந்தப் பேட்டையில் தங்குவது? சந்தைக்குள்ளேயே தங்கினால் வண்டிச் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி போகக்கூடாது. எங்கே தங்கினாலும் கடைசிக் கொஞ்ச தூரம் நடை அல்லது சைக்கிள் ரிக்‌ஷாதான். மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அகலமான தெருவில் தங்குங்கள். கரோல் பாக்கிலிருந்து நீல வழியில் ராஜீவ் சௌக், அங்கே மாறி மஞ்சள் வழியில் சாந்தினி சௌக். கல்கத்தாவில் படாபஜாரை விட்டுத் தெற்கே லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி பக்கம் போய்விடுங்கள். காளிகாட் மெட்ரோவில் ஏறினால் மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷனில் இறங்கி சந்தைக்கு நடக்கலாம். தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி அது, இட்லியும் ரசமும் கிடைக்கும். மும்பையில் வேலை வாஷி மசாலா மார்க்கெட்டில் என்றால் வாஷியிலேயே தங்குவது நல்லது. நம் சாப்பாடு வேண்டும் என்றால் மாட்டுங்காவில் தங்கி, குர்லாவில் மாறி ஹார்பர் லைனில் வாஷி போகலாம். மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி 1942லிருந்து நடக்கும் ராமா நாயக் உடுப்பி ஓட்டலில் மதியம் இலைச்சாப்பாடு உண்டு. டெல்லியில் மதியம் வயிறு நிறைய வேண்டும் என்றால் ஆந்திர பவன் கேன்டீன்.

ஜிஎஸ்டி பற்றி உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. ஓட்டல் அறைக்கு வரி விழும் இடம் அந்தக் கட்டடம் நிற்கும் மாநிலம். டெல்லி ஓட்டல் சிஜிஎஸ்டி என்கிற மத்திய வரியும் டெல்லி மாநில வரியும்தான் போடும். தமிழ்நாட்டுப் பதிவு வைத்திருக்கிற நீங்கள் அதை இன்புட்டாக எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு வரி 5 சதவீதம். 7,500ஐத் தாண்டினால் 18 சதவீதம். இந்தக் கோட்டை மனதில் வையுங்கள். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. இருநூறு ரூபாய் விலை வித்தியாசம் 1,198 ஆகிவிடுகிறது. பெரிய ஓட்டலின் உள்ளே இருக்கும் உணவகத்திலும் பெரும்பாலும் 18 சதவீதம், தெருவில் இருக்கும் உணவகத்தில் 5. ஆனாலும் கடை பெயரில் பில் வாங்குவதை விடாதீர்கள், வியாபாரச் செலவாகக் காட்ட அது வேண்டும். பணத்தை யுபிஐயிலோ கார்டிலோ கட்டுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். மூன்று இரவு வாடகையைக் கிளம்பும்போது மொத்தமாக ரொக்கத்தில் கட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சர்வீஸ் சார்ஜைக் கட்டவேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணம் கொடுப்பதற்கு முன், 'இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்' என்று அமைதியாகக் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜின் மேலும் ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள், அதுவும் சேர்ந்து குறையவேண்டும். மறுத்தால் பில்லைப் படமெடுத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். பரிமாறிய பையனுக்குத் தனியாகக் கையில் கொடுங்கள், அது அவனுக்குப் போய்ச் சேரும்.

வயிற்றுக்கு வருவோம். கல்கத்தாவில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. பொதுவாக ஆள் மாட்டுவது பஃபேயில். சூடான பதார்த்தம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். பாத்திரத்தின் அடியில் சுடர் எரிகிறதா, மூடியைத் திறந்தால் ஆவி வருகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். காலை உணவு தொடங்கும் நேரத்திலேயே போங்கள். பத்து மணிக்குப் போனால் தேங்காய்ச் சட்னி மூன்று மணி நேரம் வெளியில் இருந்திருக்கும். சோறு இன்னும் மோசம். வடித்து வெளியே வைத்த சோற்றில் உண்டாகும் ஒரு நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, இரவு பத்து மணிக்குமேல் வரும் ஃப்ரைடு ரைஸைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் இருக்கும் கடையில், கண்ணெதிரே போடும் சப்பாத்தியும் கொதிக்கும் பருப்பும் போதும். பையில் ஓஆர்எஸ் இரண்டு பாக்கெட் வையுங்கள். பெரிய பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அதிகமாகி வயிற்றுப்போக்கு கூடும்.

மூட்டைப்பூச்சிக்கு ஒரு வார்த்தை. பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தைத் தையல் ஓரத்தில் போன் விளக்கை அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கரும்புள்ளி இருந்தால் வேறு அறை கேளுங்கள், ஒட்டிய அறையோ நேர் மேல், கீழ் அறையோ வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர் ஓட்டலுக்கே வந்து சாம்பிள் பார்க்கும்போது விலை விழுவதற்கு அறை விளக்கு ஒரு காரணம். ஓட்டல்களில் போடுவது மஞ்சள் விளக்கு. அதன் கீழே நல்ல பச்சை எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயும் வெளுத்த காய் மாதிரித் தெரியும். பகலில் வரச்சொல்லி ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டுங்கள். மாலையில்தான் வருவார் என்றால் வெள்ளை வெளிச்சம் தரும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றைக் கொண்டுபோங்கள். சாம்பிளை ஓட்டல் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் பனித்து ஈரம் ஏறி காய் நமுத்துவிடும். குளியலறைப் பக்கமும் வேண்டாம். ஒவ்வொரு கிரேடையும் காற்றுப்புகாத தனித்தனிக் கவரில் போட்டு, வெளிச்சம் படாமல் துணிகளுக்கு நடுவே பெட்டியில் வையுங்கள். வாங்குகிறவர் வந்த பிறகு அவர் முன்னால் பிரியுங்கள்.

அன்புடன்.