பழைய ரிப்போர்ட்டை நம்பி ஆணுறையை விடாதீர்கள்

எச்ஐவிக்கு ஒன்பது வருடமாக ஏஆர்டி மாத்திரை எடுக்கிறீர்கள், போன வருட வைரல் லோடு டெஸ்டில் (ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை கிருமி என்று பார்ப்பது) கிருமி தெரியவில்லை, மனைவிக்கு நெகட்டிவ், இனி ஆணுறை எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் என்றால் நானும் விடலாம் என்பேன். ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள ஜோடிகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த 'பார்ட்னர்' என்ற ஆய்வில், வைரல் லோடு 200-க்குக் கீழ் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இத்தனைக்கும் அவர்கள் ஆணுறை போடாதவர்கள்.

ஆனால் லாரியில் போனபோது மூன்று வாரம் மாத்திரை விட்டுப்போச்சு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதுதான். மாத்திரை நின்றால் சில வாரங்களில் கிருமி திரும்பப் பெருகிவிடும். உடனே ஏஆர்டி மையத்துக்குப் போய் அங்குள்ள ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். புது ரிப்போர்ட் வரும்வரை ஆணுறை கட்டாயம். அப்புறம், மனைவிக்கும் ஒரு டெஸ்ட். வெளியே உறவு உண்டென்றால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள், அதை ஏஆர்டி தடுக்காது.