சிறப்பு சிகிச்சை எல்லாம் பெங்களூரிலேயே குவிந்திருப்பது சரியா?

நோயைப் பொறுத்தது. மூளைக் கட்டி அறுவைக்கு, பெங்களூரின் மூளை-நரம்பு மருத்துவமனையான நிமான்ஸ் மாதிரி ஓரிடம் போதும். அன்றாடம் அதையே செய்கிறவர்களிடம்தான் கைப்பழக்கம் இருக்கும்.

மாரடைப்பு அப்படிக் காத்திருக்காது. அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கர்நாடக அரசின் ஹிருதய ஜோதி திட்டம் அருமையான ஏற்பாடு என்கிறேன். தாலுகா மருத்துவமனையில் இசிஜி எடுக்கிறார்கள். பெங்களூரின் ஜெயதேவா இதய மருத்துவமனை போன்ற மையத்தின் நிபுணர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். ரத்த உறைவைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள். அப்புறம், அடைப்பைப் பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் பிரஷர் மாத்திரைக்கும் மறுபரிசோதனைக்கும் கோலார் தங்கவயல் தமிழர்கள் ஒரு நாள் கூலியை விட்டு மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏற வேண்டுமென்றால் அது அநியாயம். அதை உள்ளூர் டாக்டரே பார்க்கலாம்; சந்தேகம் வந்தால் மட்டும் நிபுணரை வீடியோவில் கேட்கட்டும்.