எம்.எஸ்., எஸ்.எஸ். இரண்டுக்கும் ஒரே கேஸ் போதுமா?

கேள்வி: கோவையில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை எம்.எஸ்.ஸில் (சாதா இரும்பு) கேட், கிரில், ஷெட் வேலைகள்தான். மிக் இயந்திரம் (வயரே உருகி ஒட்டும் வெல்டிங்), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இரண்டையும் வைத்தே காலம் ஓடியது. இப்போது ஓர் உணவகத்துக்கு 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் மேசைகளும் கழுவுதொட்டிகளும் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். தகடு 1.2 மி.மீ. கேஸ் விற்பவர், "80-20 கலவை வாங்குங்கள், இரண்டுக்கும் அதுவே போதும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: எம்.எஸ்.ஸுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். எஸ்.எஸ்.ஸுக்கு வேண்டாம். 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த அந்தக் கலவையில் எஸ்.எஸ். தகடும் ஒட்டத்தான் செய்யும். பாலிஷ் போட்டுக் கொடுத்தால் அன்றைக்குக் குறை எதுவும் தெரியாது. உப்பும் புளியும் தினமும் பட்ட பிறகு இணைப்பை ஒட்டிப் பழுப்புக் கோடு விழும்போது, உணவகக்காரர் கேஸ் விற்றவரைத் தேடிப் போக மாட்டார். உங்களிடம்தான் வருவார்.

உருகும் உலோகத்தில் காற்று படாமல் காக்கத்தான் கேஸ் விடுகிறோம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு, ஆர்கானைப் போலச் சும்மா இருக்கும் வாயு அல்ல. ஆர்க்கின் (வெல்டிங் மின்பொறியின்) வெப்பத்தில் அது கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. எம்.எஸ்.ஸில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. நீங்கள் பயன்படுத்தும் ஈஆர்70எஸ்-6 வயரில் மாங்கனீசும் சிலிக்கானும் கூடுதலாக இருப்பதே அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதற்குத்தான். வெல்டின் மேல் அங்கங்கே பழுப்புக் கண்ணாடித் துணுக்குகள்போல ஒட்டியிருப்பது அவற்றின் ஆக்சைடுதான்.

எஸ்.எஸ்.ஸில் கதை வேறு. 304-இல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். ஆக்சிஜன் அந்தக் குரோமியத்தையே எரித்து மேற்பரப்பைக் கறுக்க வைக்கிறது. கூடவே வாயுவிலிருந்து கார்பனும் உருகிய உலோகத்தில் ஏறுகிறது. எஸ்.எஸ்.ஸுக்கான 308எல் வயரில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, கேஸ் வழியாகக் கார்பனை ஏற்றுவதில் என்ன பொருள்? ஏறிய கார்பன், சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குரோமியத்துடன் சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது. உலோகத் துகள்களின் எல்லைகளில் குரோமியம் குறைந்து, அரிப்பு அந்த வழியாக உள்ளே நுழைகிறது. 1.2 மி.மீ. தகடு சீக்கிரம் ஆறிவிடுவதால் இந்தக் கார்பைடுத் தொல்லை உங்களுக்குக் குறைவுதான். கனத்த தகட்டில்தான் அதிகம். மேற்பரப்பு கறுப்பது எந்தத் தகட்டையும் விடாது.

உங்கள் வேலைக்கு என் யோசனை: மேசையையும் தொட்டியையும் டிக் முறையில் (உருகாத டங்ஸ்டன் முனையால் ஆர்க் மூட்டும் வெல்டிங்), சுத்த ஆர்கான் வைத்துச் செய்யுங்கள். மெல்லிய தகட்டில் சூட்டைக் கட்டுப்படுத்த அதுதான் வசதி. ஸ்பேட்டர் (சிதறி ஒட்டும் உலோகத் துளிகள்) கிடையாது, பாலிஷ் வேலையும் குறையும். டிக்கைப் பொறுத்தவரை எம்.எஸ்., எஸ்.எஸ். இரண்டுக்கும் சுத்த ஆர்கானே போதும். ஒரே சிலிண்டரில் இரண்டு வேலையும் என்ற உங்கள் ஆசை இங்கே மட்டும் நிறைவேறும். 80-20 கலவையை டிக் டார்ச்சில் விட்டால் டங்ஸ்டன் முனை எரிந்துவிடும். அதேபோல், மீந்த சுத்த ஆர்கானை மிக் இயந்திரத்தில் மாட்டி எம்.எஸ். அடிக்கவும் முயல வேண்டாம். ஆர்க் நிலையாக நிற்காது, வெல்டு மேலே திரண்டு நின்று ஓரங்கள் சரியாகப் பிடிக்காது.

தொட்டிக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. முன்பக்கம் பளபளவென்று இருந்தாலும், முழுதாக ஊடுருவிய வெல்டின் பின்பக்கத்தில் காற்று பட்டால் அது கரகரவென்று கருகிப் பொரிந்துவிடும். உணவுத் துணுக்கு தங்குவதும் அரிப்பு தொடங்குவதும் அங்கேதான். பின்னால் செம்புப் பட்டை ஒன்றை அணைத்து வையுங்கள். குழாய் இணைப்பு என்றால் உள்ளே ஆர்கானைச் செலுத்தி அடியுங்கள். வெல்டு வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. சாம்பலோ கறுப்போ என்றால் சூடு அதிகம், அல்லது கேஸ் போதவில்லை.

பின்னாளில் 3 மி.மீ. தகட்டில் எஸ்.எஸ். ஸ்டாண்டுகள் நிறைய வந்து, மிக்கில் வேகமாக முடிக்க நினைத்தால் 98 சதவீத ஆர்கானும் 2 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் கொண்ட கலவையைக் கேளுங்கள். வெல்டிங் வாயுக்களுக்கான ஐஎஸ்ஓ 14175 தர வரிசையில் அது எம்12. 80-20 என்பது எம்21. ஹீலியம் கலந்த மூவாயுக் கலவையும் உண்டு, ஆனால் உங்கள் அளவு வேலைக்கு அந்தச் செலவு வீண்.

கேட் வேலைக்கு இப்போதுள்ள கார்பன் டை ஆக்சைடே இருக்கட்டும். விலை குறைவு, ஊடுருவல் ஆழம். ஆனால் உங்கள் உதவியாளர் நாளில் பாதியை ஸ்பேட்டர் சுரண்டுவதில் கழிக்கிறார் என்றால், அந்தக் கூலியையும் கேஸ் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 80-20 அவ்வளவு விலையாகத் தோன்றாது.

ஆர்கானுக்குத் தனி ரெகுலேட்டர் வாங்குங்கள். பழையதை மாட்டிச் சமாளிக்க வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது, ஆர்கானோ 150 பார் அளவில் அழுத்தி அடைக்கப்பட்டது. 7 கன மீட்டர் சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். டிக்கில் நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஏறக்குறைய 14 மணி நேர ஆர்க் கிடைக்கும். நல்ல பாதுகாப்பு வேண்டும் என்று ஓட்டத்தை 20 லிட்டருக்கு ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். வாயு சுழன்று, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். காசும் போய் வெல்டும் கெடும். மின்விசிறியை வெல்டிங் இடத்தின் பக்கம் திருப்பாதீர்கள்.

எம்.எஸ்.ஸில் ஓட்டிய கிரைண்டர் வட்டையும் கம்பி பிரஷ்ஷையும் எஸ்.எஸ். பக்கம் கொண்டுவராதீர்கள். அவை விட்டுச்செல்லும் இரும்புத் தூள் துருப்பிடித்தால், பழி உங்கள் வெல்டின் மேல் விழும். மேசையின் கால்கள் எம்.எஸ்.ஸாக இருந்து எஸ்.எஸ். தகட்டுடன் சேர்க்க வேண்டியிருந்தால் கேஸ் அதே ஆர்கான்தான். ஃபில்லர் கம்பியை (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) மட்டும் 309எல் ஆக மாற்றுங்கள்.

தொட்டிக்குள் தலையை நுழைத்து வேலை செய்பவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், மணமோ நிறமோ இல்லாததால் மூச்சு முட்டுவதற்கு முன் எச்சரிக்கையே கிடைக்காது. வேலை நிற்கும் நேரமெல்லாம் சிலிண்டர் வால்வை மூடிவிடச் சொல்லுங்கள்.